வரையறை சாரும் எங்கள் கல் வரிசையும்

'கொஞ்சம் தள்ளிப் போடுங்க' என்ற மூன்று வார்த்தைக்கு உலகத்திலேயே கைகால் உதறிய ஒரே மனிதர் எங்கள் வரையறை சார்தான். பாம்பு வந்தால் ஒதுங்கி நின்று பார்ப்பார். யானை இறங்கியிருக்கிறது என்று தோட்டமே ஓடினால், கதவைச் சாத்திவிட்டு எழுத உட்காருவார். ஆனால் நாளைக்கு நடக்க வேண்டிய ஒன்றைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டால் போச்சு. அன்றைக்கு உங்கள் சோலியும் ஓடாது, அவர் சோலியும் ஓடாது.

எனக்கு அது தெரியாது. போடியிலிருந்து மலையேறினால், கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து, எல்லைச் சாவடி தாண்டியதும் சரிவில் இருக்கிறது எங்கள் ஏலக்காய் ஸ்டோர். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக்காயைச் சூட்டில் காயவைத்துக் கொடுக்கிற இடம். நான்தான் நடத்துகிறேன். கீழே விறகு எரியும் சேம்பர், மேலே ஒரு அறை. சேம்பர் சூட்டில் அந்த அறை கதகதப்பாக இருக்கும் என்பதற்காகவே வாடகைக்கு வந்தார் சார். அவருக்கு வீசிங் தொந்தரவு உண்டு. வந்த வாரமே நான் வாயை விட்டேன்.

"சார், நாளைக்கு உங்க குளியலைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. டேங்க்கு கழுவணும்."

சற்று நேரத்தில் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் லுங்கியுமாக இறங்கி வந்தார்.

"அக்கா, ஒரு சந்தேகம். தள்ளிப் போடுங்கன்னா, எனக்கப்புறம் குளிக்கிற உங்க சேம்பர் ஆளு தங்கச்சனும் தள்ளிப் போகணுமா? இல்ல, நானும் அவரும் இடம் மாத்திக்கிறோமா? இல்ல, நான் மட்டும் பின்னால போயி, என் நேரம் சும்மா கெடக்குதா? மூணும் வேற வேற அக்கா."

"நீங்க குளிக்கவே வேணாம் சார்."

"அது நாலாவது. அது மாத்தம் இல்ல, ரத்து" என்றார், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. போடிப் பக்கம் சிலமலைக்காரர். கீழே ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், நீண்ட விடுப்பு போட்டுவிட்டு ஆராய்ச்சிக் கட்டுரையை முடிக்க மலையேறியிருந்தார். டாக்டர் பட்டம் இல்லாதவர்கள் அடுத்த வருஷம் வரத் தேவையில்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். பல்கலைக்கழகமோ, கேட்ட நீட்டிப்பெல்லாம் கொடுத்தாயிற்று, இந்தக் கார்த்திகைக்குள் கட்டுரை வந்தாக வேண்டும், வராவிட்டால் பதிவே ரத்து என்று சொல்லியிருந்தது. மனைவி வாசுகியும் பத்தாவது படிக்கிற மகளும் ஊரில் இருந்தார்கள். வேலை போனால் அந்த வீடு என்னாகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாரம் ஒருமுறை போன் போட்டு "முடிச்சுட்டாரா அக்கா?" என்று என்னிடமே கேட்கிற வாசுகிக்கும் தெரியும்.

முடிக்கவில்லை. எல்லா அத்தியாயமும் முடிந்து ஒரே ஒரு வரையறை மட்டும் பாக்கி என்றார். அது என்ன பெரிய வரையறை என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அக்கா, இந்த மலையில ஒரு காரு எறங்குது. பிரேக்கைக் கவனிக்கிறதும் கம்ப்யூட்டர்தான், பாட்டுப் போடுறதும் கம்ப்யூட்டர்தான். இருக்கிறது ஒரே மூளை, வேலை நிறைய. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு இருக்கு. பாட்டு லேட்டாகலாம். பிரேக்கு லேட்டாகலாமா?"

"அய்யோ சாமி."

"அதான். எந்த வேலை எப்ப மூளையைப் பிடிச்சுக்கிறணும்னு ஒரு அட்டவணை போடுறோம். எங்க படிப்புல எந்த நிரூபணத்தை எடுத்தாலும் நடுவுல ஒரு வரி வரும். 'இப்போது அட்டவணையைச் சற்றே மாற்றுவோம்'னு. மாத்துறதுன்னா என்னன்னு ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லல. எல்லாரும் அது தெரிஞ்ச மாதிரியே கடந்து போயிட்டாங்க. நான் அதைச் சொல்லிட்டுப் போலாம்னு உக்காந்தேன்."

நியாயமாகத்தான் பட்டது. ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். அவர் கெட்ட நேரம், குடிவந்த வீட்டுக்குக் கீழேயே எங்கள் சேம்பர் இருந்தது.

எங்கள் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. பறித்த காயைச் சீக்கிரம் சூட்டில் வைக்க வேண்டும். சாக்கில் கிடந்தால் உள்ளுக்குள் வெந்து, பச்சை போய் மஞ்சளாகிவிடும். மஞ்சள் காயைப் போடி ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். சேம்பர் ஒன்றுதான். ஒருவர் காய் உள்ளே போனால் ஒரு பகலும் ஒரு இரவும் கதவைத் திறக்கக் கூடாது. ஒருவர் காயோடு இன்னொருவர் காய் சேரவும் கூடாது. ஆகவே வரிசை. எங்கள் பக்கம் வரிசையில் ஆள் நிற்பதில்லை, கல் நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் அடையாளம் போட்ட ஒரு கல் உண்டு. காய் எடுக்கப் போகிறோம் என்றால் முன்கூட்டியே அதைக் கொண்டுவந்து சேம்பர் வாசல் திட்டில் வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுப் போவார்கள். முதல் கல்லுக்காரர் காய் உள்ளே போனதும் கல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

சார் அந்தத் திட்டைப் பார்த்த நிமிஷம் முகம் மாறியது. நாடு நாடாகத் தேடிய ஒன்று தன் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்தவர் போல நின்றார். அன்று மாலையே முதல் வரையறையை எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். அட்டவணை மாற்றம் என்பது இருவர் தமக்குள் இடம் மாற்றிக்கொள்வது. எவ்வளவு பெரிய மாற்றமானாலும் அடுத்தடுத்து இருக்கும் இருவர் மாறி மாறி மாற்றிக்கொண்டே அதை அடைந்துவிடலாம். அதற்கு நிரூபணமும் வைத்திருந்தார்.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது அக்கா."

மறுநாள் காலையில் சேம்பர் காலியாகக் கிடந்தது. அடுத்த கல்லுக்காரர் சாக்கோடு தயாராக நிற்கிறார், எங்கள் சேம்பர் ஆள் தங்கச்சன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தங்கச்சன் மலையாளத்துக்காரன். அவன் பேச்சில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்.

"ஏன் தங்கச்சன், காயைப் போடல?" என்றார் சார்.

"விறகு ஈரமாணு சாறே. தீ பிடிக்கட்டும். கொறச்சு நேரம் சும்மா இருக்கட்டே."

சார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் யாரோடும் இடம் மாறவில்லை. ஆனால் எல்லாருடைய நேரமும் மாறிவிட்டது. வரையறை காலி.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். சும்மா கிடக்கிற நேரமும் ஒரு வேலைதான், அதற்கும் வரிசையில் இடம் உண்டு என்றார். சொன்னதோடு நிற்காமல், ஆற்றங்கல் ஒன்றைக் கொண்டுவந்து, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, திட்டில் எல்லாக் கற்களோடும் வைத்தார். இது யாருடைய கல்லும் இல்லை, சும்மா இருக்கிற நேரத்தின் கல் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கினார். எல்லாரும் பக்தியாகக் கேட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் வெள்ளைக் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ஒரு முழம் கதம்பமும் சுற்றியிருந்தது.

"யாரு வேலை இது?" என்று கத்தினேன்.

பேச்சியம்மா முன்னால் வந்தாள். சின்னக் குத்தகைத் தோட்டக்காரி. புருஷன் இல்லை. அவளே பறித்து, அவளே சுமந்து வருவாள். "ஆளில்லாத கல்லுன்னு சாருதான சொன்னாக. நம்மளை எல்லாம் காத்து நிக்கிற கல்லு. சும்மா விட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

சார் அதற்குக் கோபப்படவில்லை. அந்தக் கல்லை நகர்த்த வேண்டியிருந்தால் யாரைக் கேட்பது என்ற புதுச் சந்தேகம்தான் அவருக்கு வந்தது.

அடுத்து வந்தது ராசு அண்ணன் விவகாரம். ராசு அண்ணனுக்குச் சரிவெல்லாம் தோட்டம். ஜீப்பு இரண்டு. குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். பேச்சியம்மாவின் குத்தகை நிலமும் அவருடையதுதான். ஒருநாள் விடியற்காலையில் வந்து, கடைசியில் கிடந்த தன் கல்லைத் தூக்கி முதலில் வைத்துவிட்டு, தங்கச்சனிடம் "போடுறா காயை" என்றார். நான் சண்டைக்குத் தயாராகி முந்தானையைச் செருகினேன். அதற்குள் சார் இறங்கி வந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க அட்டவணையை மாத்தல. கல்லை மாத்தியிருக்கீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானய்யா?"

"இல்லண்ணே. எல்லாரும் மனசுல ஒத்துக்கிட்டதுதான் அட்டவணை. கல்லு அதுக்கு அடையாளம். அடையாளத்தை நகத்துனா அட்டவணை நகராது. உங்க போட்டோவைத் தூக்கி மதுரையில வச்சா நீங்க மதுரைக்குப் போயிட்ட மாதிரியா?"

ராசு அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இந்த ஆளை எங்கேருந்து பிடிச்சே?" என்றார்.

அன்றைக்குத்தான் சார் யோசனைப்படி எங்கள் ஸ்டோரில் புதுச் சட்டம் வந்தது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கல்லுக்காரர்களும் தங்கள் கல் மேல் ஒரே நேரத்தில் கை வைத்தால்தான் அந்தக் கற்கள் இடம் மாறலாம். கடைசியில் இருப்பவருக்கு முதலிடம் வேண்டுமா, தாராளமாக வரலாம். ஆனால் நடுவில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, கை வைக்க வைத்து, ஒரு கல் ஒரு கல்லாகத்தான் முன்னேற வேண்டும்.

ராசு அண்ணன் சளைக்கவில்லை, கிளம்பினார். முதல் வீட்டில் பால் ஊற்றாத கட்டஞ்சாயா கொடுத்து மருமகள் கதை சொன்னார்கள். அடுத்த வீட்டில் கப்பைக்கிழங்கு கொடுத்து எல்லைத் தகராறு சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டில், முன்பு ஒரு கல்யாணத்துக்கு அவர் வராததைச் சொல்லிக் காட்டினார்கள். எல்லாரையும் கேட்டு முடித்து, வயிறு உப்பி, அவர் வந்து சேருவதற்குள் அவருடைய முறையே வந்துவிட்டது. "நான் பேசாம வரிசையிலயே இருந்திருப்பேன்ல" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். தோட்டம் முழுக்க அந்த வாரம் இதைச் சொல்லித்தான் சிரித்தது.

சாருக்கு மட்டும் சிரிப்பில்லை, நிம்மதி. வரையறை பூரணமாகிவிட்டது. நடந்து முடிந்ததை எந்த மாற்றமும் தொடக் கூடாது. இருந்த வேலை எதுவும் காணாமல் போகக் கூடாது. புதிதாக எதுவும் முளைக்கக் கூடாது. சும்மா நேரமும் வரிசையில் சேர்த்தி. மாறுகிற இருவரும் 'நான் தயார்' என்று சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் அது மாற்றம். கீழே போய் அச்சடித்து, பைண்டு போட்டு, நீல அட்டையோடு கொண்டுவந்தார். பேச்சியம்மா அதற்கும் பொட்டு வைக்க வந்தாள். நான்தான் தடுத்தேன்.

கடைசித் தேதி வந்தது. காலை ஜீப்பில் இறங்கி, போடியில் பஸ் பிடித்து, மதியத்துக்குள் மதுரையில் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட வேண்டும். சார் சட்டையை இன் பண்ணியிருந்ததை அன்றுதான் பார்த்தேன். கையில் பை, பைக்குள் நீல அட்டை. ஜீப்பில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான். வாசுகி போனில் என்னிடம், "ஏறிட்டாரா அக்கா? கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் திட்டுப் பக்கம் ராசு அண்ணன் குரல் கேட்டது. முதல் கல் பேச்சியம்மாவுடையது, இரண்டாவது ராசு அண்ணனுடையது. வரப்போகிற ஏலத்துக்குக் காய் போடிக்குப் போய்ச் சேர வேண்டும், முதலில் தன்னை விடு என்று அவர் கேட்டார். அதட்டவில்லை, உருட்டவில்லை. முறைப்படிதான் கேட்டார். பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டு தன் கல் மேல் கை வைத்தாள். அவரும் வைத்தார். கற்கள் மாறின. எங்கள் சட்டப்படி எல்லாம் சரி.

சார் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"சார், ஏறுங்க!" என்று நான் கத்தினேன். அவர் காதில் விழவில்லை.

"பேச்சியம்மா, உங்க காயி எப்ப எடுத்தது?"

"முந்தாநாளு சார். மழையில பாதை போயிருச்சு, அதான் சாக்கு நேத்துத்தான் வந்துச்சு."

"இன்னிக்கு உள்ள போகலேன்னா?"

தங்கச்சன் சாக்கின் வாயைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தான். "சூடாயி சாறே. நாளைக்கு முழுக்க மஞ்ஞளாகும்" என்றான்.

"தெரிஞ்சுமா கை வச்சீங்க?"

"அண்ணன் கேக்குறாக. இல்லைன்னு எப்படி சார் சொல்றது? அவுக நெலந்தான நான் பாக்குறேன்" என்றாள் பேச்சியம்மா. இந்தப் பறிப்பை வைத்துத்தான் அவள் அடுத்த குத்தகையே பேச வேண்டும். காய் போனால் நிலமும் போகும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவள் அழவில்லை. கையை மட்டும் கல்லிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

"ரெண்டு பேரும் கை வச்சாச்சுய்யா. உம்ம சட்டந்தான?" என்றார் ராசு அண்ணன்.

"என் சட்டந்தாண்ணே" என்றார் சார். "தப்பான சட்டம். 'நான் தயார்'னு சொல்றது வேற, 'என்னால தாங்க முடியும்'ங்கிறது வேற. நான் ரெண்டையும் ஒண்ணா எழுதிட்டேன். கம்ப்யூட்டர்லயும் இப்படித்தான். ஒரு வேலை தயார்னு சொல்லி இடத்தை விட்டுக் குடுத்துட்டு, அதோட கெடுவைத் தாண்டிச் செத்துப் போகும். என் வரையறை அதையும் மாத்தம்னு ஒத்துக்குது. மொதல்ல கெடுவுக்குள்ள முடிய இருந்த எதுவும், மாத்துனதுக்கப்புறம் கெடு தாண்டக் கூடாதுன்னு ஒரு வரி இருந்திருக்கணும். நான் அந்த வரியை எழுதல."

"அப்ப என் ஏலம்? எனக்குக் கெடு இல்லையா?"

"இருக்குண்ணே. இந்த ஏலம் போனா அடுத்த ஏலம் இருக்கு. உங்க காயி நேத்துச் சாயந்தரம் எடுத்தது, இன்னிக்கு விரிச்சுப் போட்டா நாளைக்கு வரைக்கும் நிக்கும். அவங்க காய்க்கு நாளைக்கு இல்ல."

ராசு அண்ணன் தானே சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு பேச்சியம்மாவிடம் திரும்பி, "காயி வேகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாத்தா? நான் என்ன அரக்கனா?" என்று சத்தம் போட்டார். அவள் அப்போதுதான் அழுதாள். அவர் மறுபடி தன் கல் மேல் கை வைத்தார். பேச்சியம்மாவின் காய் உள்ளே போனது. தங்கச்சன் கதவைச் சாத்தினான்.

"சார், இன்னும் நேரம் இருக்கு. ஓடுங்க சார்" என்று அவர் கையைப் பிடித்தே இழுத்தேன். ஜீப்பு டிரைவரும் காத்துக்கொண்டுதான் இருந்தான்.

சார் பையைத் திறந்து நீல அட்டையைப் பார்த்தார். "இதுல தப்பு இருக்குக்கா."

"ஒரு வரிதான சார்? கொடுத்துட்டு அப்புறம் திருத்திக்கலாம்ல? ஊர் உலகத்துல யாரு படிக்கப் போறா?"

"அந்த ஒரு வரி மேலதான் மத்த நிரூபணமெல்லாம் நிக்குது. எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும். தப்புன்னு தெரிஞ்சதை வெரசாக் கொண்டுபோயிக் குடுத்து என்னக்கா பண்ண?"

மாடிக்குப் போய்விட்டார். ஜீப்பு அவர் இல்லாமல் இறங்கியது. போனில் வாசுகி இன்னும் லைனில் இருந்தாள்.

பல்கலைக்கழகம் பதிவை ரத்து செய்தது. கல்லூரி, வர வேண்டாம் என்று சொன்னது. சொன்னதைச் செய்தார்கள், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒருநாள் மாடியேறி நேருக்கு நேர் கேட்டேன்.

"சார், கெடுவுக்குள்ள முடிய இருந்தது எதுவும் கெடு தாண்டக் கூடாதுன்னீங்க. உங்க கெடு தாண்டிருச்சே. உங்க வரையறைப்படியே நீங்க செஞ்சது செல்லாதே."

நான் கேட்டதை ஒரு நல்ல கேள்வியாகவே எடுத்துக்கொண்டார், பாவி மனுஷன்.

"நான் அந்த வரிசையில இல்லக்கா. நான் எழுதுற ஆளு."

"எழுதுற ஆளுக்குப் பொண்டாட்டி புள்ளை இல்லையா?"

அவர் எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கீழே வந்து அழுதேன். எனக்கு அவர் உறவுமில்லை, ஜாதியுமில்லை, ஏன் அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வாசுகி மறுவாரம் மலையேறி வந்தாள். சண்டை நடக்கும் என்று தங்கச்சன்கூட விறகு அடுக்குகிற சாக்கில் மாடிப்படி பக்கமே நின்றான். சத்தமே வரவில்லை. போகும்போது அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "குடுத்திருந்தா வேலை இருந்திருக்கும் அக்கா. ஆனா அந்தத் தப்பைச் சொல்லிச் சொல்லியே மனுஷன் ராத்திரி பூரா முழிச்சிருப்பாரு. எனக்கு இவரைத் தெரியும்." அவள் போடியில் ஒரு துணிக்கடைக் கணக்கு வேலையில் சேர்ந்து வீட்டை இழுத்துப் பிடித்தாள். சார் எங்கள் ஸ்டோரில் எடை போடும் வேலையும் பார்த்துக்கொண்டு, வேறொரு பேராசிரியரிடம் கெஞ்சி, புதிதாகப் பதிவு செய்துகொண்டு, முதல் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். பேச்சியம்மாவுக்குக் குத்தகை கிடைத்தது. தோட்டத்திலிருந்து வரும்போதெல்லாம் கீரையோ கிழங்கோ மாடிப்படியில் வைத்துவிட்டுப் போவாள். சார் அதை யார் வைத்தது என்று கேட்டதே இல்லை, சாப்பிட்டுவிடுவார்.

போன சீசனில் மறுபடி ஒரு கடைசித் தேதி வந்தது. இந்த முறை நான் விடுவதாக இல்லை. முந்தின நாளே அவரைப் பையோடு ஜீப்பில் ஏற்றி, போடியில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். "காயி மஞ்சளாகட்டும், சேம்பரே பத்தி எரியட்டும். நீங்க மலைப்பக்கம் திரும்பவே கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். விடியற்காலையிலேயே தங்கை அவரை மதுரை பஸ்ஸில் ஏற்றி, பஸ் நகர்கிற வரை நின்று பார்த்துவிட்டு எனக்குச் சொன்னாள்.

காலை பதினொரு மணி இருக்கும். போன் அடித்தது, சார்தான்.

"அக்கா, இங்க வரிசையில நிக்கிறேன். எனக்கு முன்னாடி கொஞ்சம் பேரு இருக்காங்க. அங்க சேம்பர்ல இப்ப யாரு காயி?"

அந்த நேரம் எங்கள் வாசலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். முந்தின நாளிலிருந்து பெய்கிற மழையில் விறகு மொத்தமும் நனைந்து, சேம்பர் பாதிச் சூட்டில் நின்றுவிட்டது. மேலே இருந்து லோடு மேல் லோடாக ஜீப்புகள் வந்து நிற்கின்றன. யாரோ வெள்ளைக் கல்லைக் காலால் தட்டிவிட்டான் என்று ஒரு பக்கம் அடிதடி. யார் காயை முதலில் விடுவது என்று இன்னொரு பக்கம் ரகளை. ராசு அண்ணன் ஒரு புதுத் தோட்டக்காரனின் சட்டையைப் பிடித்திருந்தார். இதில் ஒரு சத்தம் போனில் போனால் போதும், சார் அங்கேயிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, உயர்த்திக் காட்டினேன். "சாரு" என்று வாயசைத்தேன்.

அத்தனை சத்தமும் அப்படியே நின்றது. ராசு அண்ணன் பிடித்த சட்டையை விடவில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை. சட்டைக்குச் சொந்தக்காரனும் திறக்கவில்லை. பேச்சியம்மா ஜீப்பு டிரைவர்களிடம் ஓடி, இன்ஜினை அணைக்கச் சொல்லிக் கையாட்டினாள். தங்கச்சன் இருமல் வந்ததற்குத் துண்டால் வாயை அடைத்துக்கொண்டான். மழையில் நனைந்துகொண்டு, கையாலும் கண்ணாலும் மட்டும் எல்லாரும் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

"பேச்சியம்மா காயி சார். எல்லாம் வரிசைப்படி போகுது. ஒரு மாத்தமும் இல்ல" என்றேன்.

"மழை சீசன்ல ஒரு மாத்தமும் இல்லையா?" என்றார். அவருக்குச் சந்தேகம். "ஏன்க்கா இவ்வளவு அமைதியா இருக்கு?"

"எல்லாரும் சாப்பிடப் போயிருக்காக சார்."

"பதினொரு மணிக்கா?"

"பசிச்சா போக மாட்டாகளா? நீங்க முன்னாடி பாத்து நில்லுங்க. போனை வைக்காதீங்க."

வைக்கவில்லை. அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம், யாரோ பெயர் கேட்கிற சத்தம், முத்திரை குத்துகிற சத்தம் எல்லாம் கேட்டது. இந்தப் பக்கம் மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. ராசு அண்ணன் கை வலித்தோ என்னவோ சட்டையைக்கூட விட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து போனில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"குடுத்துட்டேன்க்கா" என்றார் சார். "வாங்கிக்கிட்டாங்க."

பேச்சியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராசு அண்ணன்தான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். எட்டு ஊருக்குக் கேட்கிற அந்தக் குரல் போனுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் வந்தது.

"சாப்பிட்டுட்டு வெரசா கிளம்பி வாங்க சார். நீங்க இல்லாம இங்க எங்களுக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது."